வாரம் ஒரு பாக்கெட் வைட்டமின் டி-யைத் தினமும் குடித்தால்

கேள்வி இது: "அம்மாவுக்கு 63 வயது. முழங்கால் வலிக்குப் போனபோது வைட்டமின் டி குறைவு என்று சொல்லி, 60,000 யூனிட் பவுடர் பாக்கெட்டை வாரம் ஒன்று வீதம் எட்டு வாரத்துக்கு டாக்டர் எழுதினார். வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்ததால் அம்மா நிறுத்தவில்லை. மூன்று மாதமாகத் தினமும் ஒன்று பாலில் கலந்து குடிக்கிறார். கூடவே கால்சியம் மாத்திரை. வைட்டமின்தானே, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும் என்கிறார்கள். சில வாரமாகப் பசி இல்லை, மலச்சிக்கல் வேறு. கவலைப்பட வேண்டுமா?"

கவலைப்பட வேண்டும். செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

பாக்கெட்டை இன்றே நிறுத்துங்கள். கால்சியம் மாத்திரையையும் டாக்டர் பார்க்கும்வரை கொடுக்காதீர்கள். நாளைக் காலையே இரத்தத்தில் கால்சியம், ஆல்புமின், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), வைட்டமின் டி நான்கையும் பார்க்கச் சொல்லி, ரிப்போர்ட்டோடு ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். கால்சியமும் கிரியேட்டினினும் பெரும்பாலும் அன்றே வந்துவிடும். வைட்டமின் டி ரிப்போர்ட் தாமதமானால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், அவசரத்தை முடிவு செய்வது கால்சியம்தான். வாந்தி, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், பேச்சில் குழப்பம், எந்நேரமும் தூக்கக் கலக்கம், நெஞ்சுப் படபடப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் ரிப்போர்ட் எல்லாம் அப்புறம், இப்போதே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது அந்தப் பவுடர் பாக்கெட், கால்சியம் அட்டை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "ஏதோ சத்துப் பவுடர் குடிக்கிறாங்க" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. பாக்கெட்டைக் காட்டினால் ஒரு நொடியில் புரிந்துவிடும்.

இனி அந்தச் "சிறுநீரில் போய்விடும்" விஷயம். பி வகை வைட்டமின்களுக்கும் சி-க்கும் அது ஓரளவு பொருந்தும், ஏனென்றால் அவை நீரில் கரைபவை. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. டி போய்ச் சேரும் இடம் உடம்பின் கொழுப்பும் தசையும். அங்கே தங்கி மெதுவாக இரத்தத்துக்கு வந்துகொண்டே இருக்கும். கல்லீரல் அதை 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி என்ற வடிவத்துக்கு மாற்றுகிறது, நாம் டெஸ்டில் அளப்பது அதைத்தான். அந்த வடிவத்தின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும். கொழுப்பில் நிறையச் சேர்ந்திருந்தால் இன்னும் இழுக்கும். நிறுத்திய மறுநாளே எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கு இதுதான் காரணம்.

சிறுநீரகம் அந்த வடிவத்தை இன்னொரு முறை மாற்றி, வேலை செய்யும் ஹார்மோனாக்குகிறது. ஆமாம், டி நடந்துகொள்வது ஹார்மோன் போலத்தான். அதன் முக்கிய வேலை, குடலிலிருந்து கால்சியத்தை உள்ளே இழுப்பது. வேண்டிய அளவு இருக்கும்போது எலும்புக்கு நல்லது. அளவு கடந்தால் குடல் கால்சியத்தை அள்ளிக்கொண்டே இருக்கும், எலும்பிலிருந்தும் கால்சியம் கரைந்து இரத்தத்துக்கு வரும். எலும்பு பலப்படட்டும் என்று குடித்த மருந்து எலும்பையே கரைக்கும் நிலை அது.

இரத்தத்தில் கால்சியம் பொதுவாக டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம்வரை இருக்கும். 12-ஐத் தாண்டும்போது உடம்பு காட்டிக்கொடுக்க ஆரம்பிக்கும். பசி போகும், வாய் குமட்டும், குடல் மந்தமாகி மலச்சிக்கல் வரும். சிறுநீரகத்தால் நீரைப் பிடித்து வைக்க முடியாமல் சிறுநீர் நிறையப் போகும், அதனால் தாகம் எடுக்கும், உடம்பு வறளும், வறண்டதால் கால்சியம் இன்னும் ஏறும். இந்தச் சுழலில் சிறுநீரகம்தான் முதலில் அடிவாங்குகிறது. கல் உண்டாகலாம், சிறுநீரகத் திசுவிலேயே கால்சியம் படியலாம், கிரியேட்டினின் ஏறலாம். 14-ஐத் தாண்டினால் நினைவு தடுமாறும், இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். அப்போது சலைன் ஏற்றுவார்கள், ஸ்டீராய்டு கொடுப்பார்கள், எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறுவதைத் தடுக்கும் ஊசி போடுவார்கள், சிலருக்கு டயாலிசிஸ்கூடத் தேவைப்படும்.

உங்கள் அம்மாவின் பசியின்மைக்கும் மலச்சிக்கலுக்கும் வேறு காரணம் இருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் இந்தப் பாக்கெட்டின் கதை தெரிந்த பிறகு, கால்சியம் பார்க்காமல் "வயசானா அப்படித்தான்" என்று ஒரு நாளும் தள்ளிப்போடக்கூடாது. வயதானவர்களுக்கு இந்தக் கோளாறு பிடிபடாமல் போவதற்கே காரணம், அறிகுறி எல்லாம் முதுமையின் சாயலில் வருவதுதான்.

கணக்கைப் பார்ப்போம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் சொன்ன அளவு. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் ஒருவர் நாள்தோறும் எடுக்கக்கூடிய உச்சவரம்பு 4,000 யூனிட். வாரம் ஒரு பாக்கெட் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 8,500 யூனிட், அதாவது உச்சவரம்பைப் போல இரண்டு மடங்கு. குறைபாடு உள்ளவருக்கு அதை எட்டு வாரம் கொடுத்து நிறுத்துவது சரியான வைத்தியம். அதே பாக்கெட் தினமும் என்றால் 60,000 யூனிட், தேவையைப் போல நூறு மடங்கு. இந்த அளவைச் சில மாதம் தொடர்ந்து எடுத்தவர்களுக்கு நச்சுத்தன்மை வந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. உங்கள் அம்மா இருப்பது இந்த இடத்தில்.

நான் மருந்தாளுநர். இந்தத் தவறு எப்படி நடக்கிறது என்பதைக் கவுண்டரில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பாக்கெட் ஒரு கிராம் எடை, விரல் நீளம், ஆரஞ்சு வாசனை, சர்க்கரைத் தித்திப்பு. பார்வைக்கு குளுக்கோஸ் பவுடர் மாதிரி இருக்கிறது, மருந்து என்ற பயமே வராது. முன்பக்கம் 60K என்று பெரிதாக அச்சடித்திருக்கும். எத்தனை நாளுக்கு ஒன்று என்று கேட்டால், "டாக்டர் சொன்னபடி" என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சீட்டில் டாக்டர் 'வீக்லி ஒன்ஸ்' என்று கிறுக்கியிருப்பார். வீட்டில் மற்ற மாத்திரை எல்லாம் தினமும் போடுவது, இது மட்டும் வாரம் ஒன்று. நான்கு பாக்கெட் வாங்கியவர் நாலாவது நாளே வந்து "தீர்ந்துபோச்சு, இன்னும் நாலு குடுங்க" என்று நின்றால், கடைக்காரர் அங்கேயே கேட்க வேண்டும். சீட்டு இல்லாமலே கொடுத்துவிடும் கடைகளில் அந்தக் கேள்வி வருவதில்லை. அது என் தொழிலைச் சேர்ந்தவர்கள் மேல் உள்ள பொறுப்பு, அதை நோயாளி தலையில் கட்டுவது நியாயமில்லை.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாங்கி வந்ததுமே ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் ஸ்கெட்ச் பேனாவால் தேதி எழுதிவிடுங்கள், எட்டு பாக்கெட்டுக்கு எட்டு ஞாயிற்றுக்கிழமை. கடைசிப் பாக்கெட்டில் "இதோடு நிறுத்து" என்று எழுதுங்கள். டாக்டர் சீட்டில் நிறுத்தும் தேதி இல்லையென்றால் அவரிடமே கேட்டு வாங்குங்கள்.

பாக்கெட்டைவிட எனக்கு அதிகம் பயம் தருவது ஊசி. 6 லட்சம் யூனிட்டை ஒரே தடவையில் இடுப்பில் போடுகிற ஊசி நம் நாட்டில் புழக்கத்தில் இருக்கிறது. முதுகு வலி, கால் வலி, அசதி என்று யார் வந்தாலும் போட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஓர் இடத்தில் போட்டதை இன்னோர் இடத்தில் சொல்லாமல் மறுபடி போட்டுக்கொண்டவர்களும் உண்டு. வைட்டமின் டி குறைவு பரவலாக உள்ள காஷ்மீரிலிருந்து, இப்படித் திரும்பத் திரும்பப் பெரிய டோஸ் எடுத்து கால்சியம் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் 2011-ல் எழுதினார்கள். குறைபாடு நிறைய இருக்கும் ஊரில்தான் அளவு மீறலும் நிறைய நடக்கும். எல்லோருக்கும் குறைவு என்ற நினைப்பு வந்துவிட்டால் அளந்து பார்க்க யாருக்கும் தோன்றாது.

பெரிய டோஸ் நச்சாகாவிட்டாலும் நல்லது செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 70 வயது கடந்த 2,256 பெண்களில் பாதிப்பேருக்கு ஆண்டுக்கு ஒரு முறை 5 லட்சம் யூனிட், மீதிப்பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். விழுவதும் எலும்பு முறிவதும் குறையும் என்பது எதிர்பார்ப்பு. 2010-ல் முடிவு வந்தபோது மருந்து எடுத்த பக்கம்தான் அதிகம் விழுந்திருந்தது, அதிகம் எலும்பு முறிந்திருந்தது. எலும்பு முறிவு 26 சதவீதம் கூடுதல். ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 50 வயது தாண்டியவருக்கு டி தேவைப்பட்டால் இடைவெளி விட்டுப் பெரிய டோஸ் கொடுப்பதைவிடத் தினமும் சிறிய டோஸே மேல் என்கிறது. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இந்த டெஸ்டையே வழக்கமாக எடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது.

டெஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபுல் பாடி செக்கப் ரிப்போர்ட்டில் வைட்டமின் டி 24 (மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில்) என்று வந்தால் தடித்த எழுத்தில் "குறைவு" என்று போட்டுவிடுவார்கள், பல லேப்கள் 30-ஐ எல்லையாக வைத்திருப்பதால். பெரும்பாலானோரின் எலும்புக்கு 20 இருந்தாலே போதும் என்பது அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2010-ல் ஆராய்ந்து சொன்னது. அந்தத் தடித்த எழுத்தைப் பார்த்துப் பயந்து பவுடர் வாங்க வருபவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை. நச்சுத்தன்மை பொதுவாக 150-க்கு மேல் காணப்படுகிறது.

ஆனால் இந்த டெஸ்ட் காட்டாத ஓர் ஆபத்து இருக்கிறது. கால்சியம் கேப்சூல்கள் பலவற்றில் கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம் சேர்ந்திருக்கும். சிறுநீரகம் கடைசியில் உண்டாக்கும் அதே ஹார்மோன்தான் அது. உடம்பின் கட்டுப்பாட்டைத் தாண்டி நேராக வேலை செய்யும், 25-ஹைட்ராக்சி டெஸ்டில் தெரியாது. அம்மாவின் கால்சியம் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் கலந்த மாத்திரை போடுகிறாரா என்றும் பாருங்கள், அவை சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைக் குறைக்கும். இதயத்துக்கு டிகாக்சின் போடுபவருக்குக் கால்சியம் ஏறுவது இன்னும் ஆபத்து. இந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் போதும். காசநோய், சார்காய்டோசிஸ் (நுரையீரல் போன்ற உறுப்புகளில் சிறு கட்டிகள் உண்டாகும் நோய்) இருப்பவர்களின் உடம்பில், நோய்க் கட்டிகளில் உள்ள செல்களே டி-யை ஹார்மோனாக மாற்றிக்கொள்ளும். அவர்களுக்குச் சாதாரண டோஸிலேயே கால்சியம் ஏறலாம்.

"என் மாமியாரும் இதையேதான் குடிச்சாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று யாராவது சொல்வார்கள். ஒரே அளவு எல்லோரையும் ஒரே மாதிரி பாதிக்காது என்பதற்குப் பழைய பாடம் பிரிட்டனில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே குழந்தைகளுக்கான பால் பவுடர், தானிய மாவு, மீன் ஈரல் எண்ணெய் எல்லாவற்றிலும் தாராளமாக டி சேர்த்தார்கள். 1950-களில் கைக்குழந்தைகள் பலர் வாந்தி, எடைக் குறைவு, கால்சியம் ஏற்றத்தோடு வந்தார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிலருக்கு மட்டும் ஆனது. 1957-ல் சேர்க்கும் அளவைக் குறைத்தார்கள். ஏன் சிலருக்கு மட்டும் என்பதற்கு ஒரு முக்கிய விடை 2011-ல்தான் கிடைத்தது. டி-யை உடைத்து வெளியேற்றும் நொதிக்கான மரபணுவில் சிலருக்குப் பிறவியிலேயே கோளாறு இருக்கிறது. யாருக்கு இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 யூனிட். கடையில் மில்லிக்கு 400 யூனிட் சொட்டு மருந்தும் உண்டு, 800 யூனிட்டும் உண்டு, பெரியவர்களுக்கான 5 மில்லி பாட்டிலில் 60,000 யூனிட்டும் உண்டு. போன தடவை வாங்கிய பாட்டிலின் ஃபில்லரை இந்தத் தடவை பாட்டிலுக்குப் பயன்படுத்தாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் மில்லிக்கு எத்தனை யூனிட் என்பதை ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

வெயிலில் நின்றால் மிஞ்சாதா என்று கேட்பார்கள். மிஞ்சாது. தோலில் தேவைக்கு மேல் உருவாவதை அதே வெயில் வேலை செய்யாத பொருள்களாக மாற்றிவிடும். இந்தக் காவல் மருந்துக்குக் கிடையாது.

மற்ற வைட்டமின்களைப் பற்றியும் கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், பி6-ஐத் தவிர. அது நம் ஊரில் பலர் வாயில் தினமும் போகும் மருந்து.

"நரம்பு மாத்திரை" என்று கேட்டு வாங்குகிறார்களே, அதில் பி12-ஓடு பி6 இருக்கும். சிலவற்றில் 3 மில்லிகிராம், சிலவற்றில் 100 மில்லிகிராம். உடம்புக்குத் தேவை சுமார் 2 மில்லிகிராம். நீரில் கரையும் வைட்டமின் என்றாலும் பி6 அளவு கடந்தால் உணர்வு நரம்புகளையே கெடுக்கும். 1983-ல் அமெரிக்காவில், நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம்வரை எடுத்த ஏழு பேர் கால் மரத்து, நடை தள்ளாடி வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அது மிகப்பெரிய அளவு. பிறகு குறைந்த அளவை மாதக்கணக்கில் எடுத்தவர்களுக்கும் வந்தது தெரிந்து, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் உச்சவரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்தது. கொடுமை என்னவென்றால், பாதம் எரிகிறது, மதமதப்பாக இருக்கிறது என்று சர்க்கரை நோயாளி இந்த மாத்திரையைப் போடுகிறார். மாத்திரையால் மதமதப்பு கூடினால், சர்க்கரையால்தான் என்று நினைத்து இன்னொன்று சேர்த்துப் போடுகிறார். ஆகவே எத்தனை மில்லிகிராம் என்று அட்டையைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்து எடுப்பவர்களுக்கு நரம்பைக் காக்கவே பி6 கொடுப்பார்கள், அதை நிறுத்திவிடாதீர்கள்.

முடி கொட்டுவதற்கு என்று விற்கும் பயோட்டின் மாத்திரையில் 10 மில்லிகிராம் இருக்கும். தேவை 30, 40 மைக்ரோகிராம்தான். அது உடம்பைக் கெடுத்ததாகப் பெரிய சான்று இல்லை, கெடுப்பது லேப் ரிப்போர்ட்டை. சில முறைகளில் பார்க்கும் தைராய்டு டெஸ்டில், தைராய்டு அதிகமாகச் சுரப்பதாகப் பொய்யாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து காட்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-ல் இதை எச்சரித்தது. இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், எடுப்பதை லேபில் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகள் வைட்டமின் ஏ-யை மாத்திரையாகவோ மீன் ஈரல் எண்ணெயாகவோ தாங்களாக எடுக்கவே கூடாது. நாளொன்றுக்கு 10,000 யூனிட்டைத் தாண்டினால் கருவுக்குப் பிறவிக் குறை வரும் வாய்ப்பு கூடுகிறது. புகைபிடிப்பவர்கள், உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் மாத்திரையை எடுக்கக்கூடாது. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வில், 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம் வந்தது, 1994-ல் வெளியான முடிவு இது. கேரட், பப்பாளி, முருங்கைக்கீரை சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

மறுபடி அம்மாவிடம் வருகிறேன். கால்சியம் சரியாக இருந்துவிட்டால் நிம்மதிதான், ஆனாலும் உள்ளே சேர்ந்திருப்பது வெளியே வரும்வரை சில வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள், பாருங்கள். ஏறியிருந்தால் டாக்டர் சொல்லும்வரை டி-யும் வேண்டாம், கால்சியமும் வேண்டாம், ஹார்லிக்ஸ் மாதிரி சத்துச் சேர்த்த பானங்களும் வேண்டாம். இதய, சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர, தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும். பிற்பாடு டி தேவை என்று வந்தால், தினமும் 1,000 யூனிட் போல ஒரு சிறிய டோஸ் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

முழங்கால் வலிக்கு இந்தப் பவுடர் மருந்தே இல்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இரண்டு வருடம் டி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், குருத்தெலும்பு தேய்வது நிற்கவில்லை, வலியிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிக்கு நல்ல சான்று இருக்கிறது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்கட்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். கால்சியம் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் பயமில்லை என்று சொன்ன பிறகு ஆரம்பியுங்கள், பக்கத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தால் முதல் தடவை அவர் காட்டிக்கொடுக்கட்டும்.